ஆண்டறிக்கை 2024-25: தொடக்கப்பள்ளியில் நடத்திய நீர் சுழற்சி வகுப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, பூங்கா வேலி பற்றியெல்லாம் கூட்டக் குறிப்பு நோட்டில் எழுதியிருக்கிறோம். நோட்டு மேசை மேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். இந்த ஆண்டு நமக்கு அதிக நேரம் பிடித்தது நம் பகுதி அரசுத் தொடக்கப்பள்ளியில் 3, 4, 5ஆம் வகுப்புகளுக்கு நடத்திய நீர் சுழற்சிப் பாடம். "குடியிருப்போர் சங்கத்துக்கு எதுக்குப்பா வாத்தியார் வேலை?" என்று கேட்டவர்களும் இங்கே உட்கார்ந்திருப்பதால் அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் நாள் போனபோது பிள்ளைகள் ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். சுவரில் அம்புக்குறி போட்ட சார்ட்டும் தொங்கியது. சரி, சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். சிமெண்ட் முற்றத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்தோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கோட்டுக்கு உள்ளே சுருங்கிவிட்டது. எங்கே போனது என்று கேட்டால், "வெயில் குடிச்சிருச்சு", "தரைக்குள்ள போயிருச்சு", "ஒண்ணுமில்லாம ஆயிருச்சு" என்றார்கள். காற்றில் கலந்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒப்பித்த வார்த்தைக்கும் கண்ணெதிரே காய்ந்த தரைக்கும் தொடர்பே இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆண்டு முழுவதும் நம் வேலையாக இருந்தது.

செயற்குழுவில் தெர்மாகோல் மாதிரிப் போட்டி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவானது. அதை வலுவாக எதிர்த்தவன் நான்தான். தெர்மாகோல் மலைக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பது அப்பா, பஞ்சு மேகம் ஒட்டுவது அம்மா, பரிசு வாங்குவது பிள்ளை. மேகம் பஞ்சு மாதிரி ஒரு பொருள் என்ற எண்ணம் வேறு மனதில் பதிந்துவிடும்.

அதற்குப் பதில் ரோஸ்மில்க் வாங்கினோம். (ஜிகர்தண்டா கேட்டவர்கள் உண்டு, பொருளாளர் ஒப்புக்கொள்ளவில்லை.) ஐஸ் போட்ட ரோஸ்மில்க்கை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மூடி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறது. பாதிப் பேருக்கு மேல், உள்ளே இருப்பது கசிகிறது என்றுதான் சொன்னார்கள். விரலால் தொட்டு வெள்ளைத் தாளில் வைக்கச் சொன்னோம். ரோஸ் நிறம் வரவில்லை. மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தால் எடை குறையாமல் கொஞ்சம் ஏறியிருந்தது. "அப்ப இந்தத் தண்ணி காத்துல இருந்து வந்துச்சா சார்?" என்று நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். முற்றத்தில் காணாமல் போன தண்ணீருக்கு அங்கேதான் விலாசம் கிடைத்தது.

கடல் தண்ணீர் உப்பு, மழை ஏன் உப்பாக இல்லை என்பது அடுத்த கேள்வி. உப்புக் கரைசலைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். தண்ணீர் போனது, உப்பு நின்றது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான் என்றதும் புரிந்துகொண்டார்கள். பாட்டிலுக்குள் மேகம் வரவழைத்தது பெரியவர்கள் மட்டும் கைவைத்த சோதனை. வெந்நீர் ஊற்றி, மேலே ஐஸ் தட்டு வைத்தபோது லேசான மங்கல்தான். ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டதும் வெள்ளையாகத் திரண்டது. நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். வானத்தில் தூசியும் கடல் உப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. வேப்பங்கிளையில் பாலிதீன் பை கட்டி இலை விடும் நீரைக் காட்டியதும் நன்றாகவே நடந்தது.

மழைமானி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் தலையை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியில் உள்ள மேடுபள்ளத்தைக் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சமப்படுத்தி, அங்கிருந்து ஸ்கேல் ஒட்டினோம். வானிலை ஆய்வு மையம் மழையளவு எடுப்பது காலை 8.30 மணிக்கு. அந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்தோம். காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்ட கையோடு அளவு எழுதிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் நம் மதுரையில் தொடங்கியபோது மழைமானிக்கும் உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்து, 50 மி.மீ. மழைக்கு எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்பில் கணக்குப் போட்டார்கள். 5,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் வகுத்து 333 குடம் என்றதும் வகுப்பே கத்தியது. பிறகு ஒரு பையன், அந்தக் குடமெல்லாம் இப்போது எங்கே போகிறது என்று கேட்டு எங்களை மழைநீர் சேகரிப்புக் குழாய்க்குக் கூட்டிப்போனான். குழாய் பாதியில் முறிந்து கிடந்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது தமிழகம். அமைத்ததோடு மறந்துவிடுவதுதான் நம் வழக்கம். சங்கச் செலவில் குழாயை மாற்றி, தொட்டி மணலையும் அலசிப் போட்டோம்.

அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. நமக்கு வகுப்பு நாள். பிற்பகலில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். பாடம் நடக்கவில்லை, பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைச் சொந்தக்காரர்கள் மூலம் அறிந்த பிள்ளைகள் அடுத்த வாரம் கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான். சார்ட்டில் மழை மலையில் பெய்து, ஆற்றில் ஓடி, கடலில் சேர்கிறது. தெருவில் பெய்த மழை என்ன செய்யும்? மண் தரையில் ஒரு குடம், சிமெண்டில் ஒரு குடம் ஊற்றிக் காட்டினோம். அதற்கு மேல் வாய்க்கால், கண்மாய், ஆக்கிரமிப்பு என்று போனால் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டிய பாடம்.

கடைசியாக வைகை. சார்ட்டின் அம்புக்குறி நம் ஆற்றுக்குப் பொருந்தவில்லை. வைகை நீர் பெரும்பாலும் கண்மாய்களில் நிரம்பி, மிஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை என்ற கிராமத்தருகே கடலைத் தொடும். இன்னொரு பக்கம், அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வருகிறது. ஆகவே பிள்ளைகள் தாங்களே ஒரு படம் வரைந்தார்கள். அரபிக்கடல் தரும் தென்மேற்குப் பருவமழை தேக்கடியில் பெய்து சுரங்கம் வழியாக வருகிறது. வங்கக்கடல் தரும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நேராக வந்து பெய்கிறது. நம் குழாயில் இரண்டு கடல்களின் தண்ணீர் வருகிறது என்று அதற்குத் தலைப்பு வைத்தவர்களும் அவர்களே. உலகத் தண்ணீர் நாளை ஒட்டிப் பள்ளியில் அந்தப் படத்தை மாட்டினோம். பழைய சார்ட்டும் பக்கத்திலேயே இருக்கிறது; தேர்வுக்கு அதுதான் வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னதில் நியாயம் இருக்கிறது.

குறை ஒன்று உண்டு. வகுப்பெடுக்க வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பலர் இரண்டாம் மாதத்தோடு நின்றுவிட்டார்கள். மூன்று பேரை வைத்து ஓட்டினோம். மூவரில் இருவருக்கு முழங்கால் வலி.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானம் இரண்டு. வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரப்பியதும் வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய், வெளியே தெரியும் படிகளை எண்ணிக் குறிப்பது ஒன்று. பெரியவர்கள் துணை இல்லாமல் அது முடியாது. கோடை விடுமுறையிலும் மழைமானி அளவைத் தவறாமல் எடுப்பது மற்றொன்று. சித்திரை, வைகாசி இடிமழையை விட்டுவிட்டால் ஆண்டுக் கணக்கு ஓட்டையாகிவிடும். பள்ளிச் சாவி தலைமையாசிரியையிடம் இருக்கிறது. காலை 8.30க்குப் போகக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். ரோஸ்மில்க் செலவு உட்பட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்