இஸ்திரி போட்டால் அந்த வீடுகள் மறைந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிந்தாதிரிப்பேட்டையையும் அதை ஒட்டிய கூவம் கரையையும் துணியில் தைத்துக் காட்டிய கண்காட்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். “ஆற்றோரப் பகுதியில் தையல் விட்டுப்போய் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, துணியை இஸ்திரி போட்டாவது மாட்டியிருக்கலாம்” என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். படத்தின் விஷயமே அந்த ஓட்டைகள்தான். அவை சத்தியவாணி முத்து நகர் வீடுகள். 2019 இறுதியில் தொடங்கி அவை இடிக்கப்பட்டதும், குடும்பங்கள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதும் தாங்கள் அறியாததல்ல.

ஒவ்வொரு வீட்டையும் முதலில் சிவப்பு நூலில் தைத்து, பிறகு நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்திருக்கிறார்கள். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் ஊசித் துளை அப்படியே நிற்கும். தண்ணீரோ நீராவியோ பட்டால் இழைகள் நகர்ந்து துளை மூடிக்கொள்ளும். இஸ்திரி போட்டால் அந்த வீடுகள் இரண்டாம் முறையாகக் காணாமல் போகும். அதனால்தான் சுருக்கத்தோடு மாட்டியிருந்தார்கள். வாசலில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

“பொறுமையான கைவேலை” என்ற பாராட்டும் எங்களுக்கு வருத்தம்தான். இதில் பொறுமையைவிடக் கணக்கு அதிகம். ஒரு செ.மீ. பத்து மீட்டர் என்று அளவு வைத்தால், நான்கு மீட்டர் முகப்புள்ள வீட்டுக்குத் துணியில் நான்கு மில்லிமீட்டர்தான் இடம். ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையில் தைத்தால்தான் பக்கத்து வீட்டில் இடிக்காது. காடாத் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்க வேண்டும். முதல் நனைப்பில் நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே ஒரு மீட்டர் படத்தில் ஐம்பது மீட்டர் தெரு போய்விடும். அதுவும் பாவு (நீள இழை) வாக்கில் ஒரு அளவு, ஊடை (குறுக்கு இழை) வாக்கில் வேறு அளவு சுருங்குவதால் படமே கோணும். ஓட்டத் தையலை இழுத்துத் தைத்தாலும் தெரு குட்டையாகிவிடும், ஒவ்வொரு சாணுக்கும் துணியை நீவி நூலைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். சிவப்பு நூலைத் தொடுமுன் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்த படத்தைத் துவைக்க வழியில்லையே!

1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் பாதையைத் தனியாக ஆர்கண்டி என்ற மெல்லிய துணியில் தைத்து, மேல் விளிம்பில் மட்டும் இணைத்திருந்தார்கள். தூக்கினால் அடியில் பழைய தெரு தெரியும். கட்டுரையில் அது “மேலே தொங்கும் ஒரு திரை”. கைபேசியில் வரைபடம் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்டிருக்கிறார் நிருபர். கைபேசியில் இன்றைய தெருவைப் பார்க்கலாம். இடிந்த வீடும் இன்றைய பாலமும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை அந்த ஆர்கண்டியைத் தூக்கினால் பார்க்கலாம்.

1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனி உண்டாக்கிய பேட்டை அது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரைத் துணியில் சொல்வதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதாவது கட்டுரையில் வந்திருக்கலாம். நகரத்தை ஊசியால் வரைவது நேற்று முளைத்த பொழுதுபோக்கும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீநகர் முழுவதையும், ஜீலம் நதியும் பாலங்களும் உட்பட, பூவேலையில் தைத்த சால்வை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே அதே வேலை சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் அச்சாகிறது, ஒவ்வொரு தடவையும். ஓவியம் என்றால் அளவும் வண்ண வகையும் போடுகிறீர்கள். துணி என்றால் என்ன துணி, எத்தனை அடி, யார் தைத்தது, எதுவும் வருவதில்லை. சென்ற ஆண்டு வேறொரு துணிப்படத்தின் புகைப்படத்தை இடம் வலமாகத் திருப்பியே அச்சிட்டிருந்தீர்கள். கடற்கரை மேற்கே போயிருந்தது. அதற்கு எழுதிய கடிதம் வெளிவரவில்லை.

அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தத் துளைகள் வேண்டுமென்றே விடப்பட்டவை என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கூடவே ஆற்றோரப் பகுதியின் ஒரு சாண் அகலத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்த படமும் வேண்டும். ஃபிளாஷ் நேராக அடித்தால் துளை தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
துணிப்படம் தைப்போர் சார்பில் ஒரு வாசகர்,
சென்னை – 2