அது சங்கரா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் அந்தமானில் தூண்டில் போட்டுவந்த நம் மும்பை நண்பர்களின் அனுபவத்தை ஆசையாகப் படித்தேன். கூடவே வந்த படத்தில் ஒருவர் ஏந்தியிருக்கும் சிவப்பு மீனுக்குக் கீழே 'சங்கரா' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது சங்கரா இல்லை. மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு பள்ளம் படத்திலேயே தெரிகிறது.

சிவப்பாக, பெரிதாக எது வந்தாலும் நம்மில் பாதிப்பேருக்கு அது சங்கரா. தூத்துக்குடிப் பக்கத்தவர்கள் செப்பிலி என்பார்கள். இங்கே மும்பை மார்க்கெட்டில் மீன் விற்கும் மராத்திப் பெண்கள், நம் மாவ்ஷிகள், தாம்போஷி என்பார்கள். கடையில் வாங்கும்வரை இதில் பெரிய நஷ்டமில்லை. பவளப்பாறையில் நாமே பிடித்து நாமே குழம்பு வைக்கும்போது விஷயம் வேறு.

இரண்டு வருஷம் முன்பு நானும் அந்தமான் போயிருந்தேன். நாலு கிலோ தேறும் சிவப்பு மீன் ஒன்று மாட்டியது. தாம்போஷி என்று துள்ளினேன். படகு ஓட்டியவருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம். என் விரலைப் பிடித்து மீனின் மூக்கிலிருந்து கண்வரை ஓட்டினார். நகம் பதியும் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி ஓடியது. "செப்பிலிக்கு இது இருக்காதுண்ணே. இதத் திங்க வேணாம்" என்று தண்ணீரில் விட்டுவிட்டார்.

அதன் பெயர் பொஹார் ஸ்நாப்பர். குட்டியாக இருக்கும்போது முதுகில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் இருக்கும், வளர்ந்தால் மறைந்துவிடும். அங்கேதான் ஏமாறுகிறோம். பவளப்பாறைப் பாசியில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் நஞ்சு, சின்ன மீன்கள் வழியாக இதன் சதையில் சேர்கிறது. சிகுவாட்டெரா என்பார்கள். கொதிக்க வைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது; வாடையும் ருசியும் காட்டிக்கொடுக்காது. வாந்தி, பேதி, அப்புறம் உதடு மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். ஒவ்வொரு பொஹாரிலும் நஞ்சு இருக்கும் என்றில்லை. எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதுதான் பயம். பெரிய களவாவிலும் (குரூப்பர்) சீலாவிலும்கூட (பாரகுடா) இந்த நஞ்சு சேரும்.

களவாவில் குழப்பம் இன்னும் அதிகம். ஆரஞ்சு கலந்த பழுப்புப் புள்ளி என்றால் ஒரு வகை. கறுப்புப் புள்ளியோடு வெளிறிய திட்டுகளும் இருந்தால் மலபார் களவா. இரண்டையும் மாற்றிச் சொன்னால் யாருக்கும் உடம்புக்கு ஆகாமல் போகாது, சரி. ஆனால் ராட்சதக் களவா அப்படி இல்லை. 400 கிலோ வரை வளரும் அந்த மீனை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குட்டியில் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். வளர்ந்தபின் சாம்பல் பூத்த பழுப்பாகி, மற்ற பெரிய களவா மாதிரியே தெரியும். முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்கள் ரொம்பக் குட்டை, துடுப்பெல்லாம் சிறு கறுப்புப் புள்ளி. இதைப் பார்க்கத் தெரியாமல் ஒன்றைக் கொன்றுவிட்டால் திரும்ப வராது.

தூண்டில்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீன் உயிரோடு, நிறம் மங்காமல் இருக்கும்போதே ஈரக் கையோடு பிடித்து, துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் ஒரு படம், தலையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். மார்போடு அணைத்து எடுக்கும் படத்தில் பாதி அடையாளம் கைக்குள் மறைந்துபோகிறது.

அடுத்த இதழில் அந்தப் பெயரைத் திருத்தி வெளியிடுங்கள். பொஹார், தாம்போஷி இரண்டின் தலையையும் கிட்டத்தில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. தனித் தபாலில் அனுப்புகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
செம்பூர், மும்பை