விண்ணப்பம் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவே முந்திரித் தோப்புகளுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றித்தான் இந்த மடல் என்று தெரிந்தால் எங்கள் நர்ஸம்மா சங்கடப்படுவார்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் பாட்டன் வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, ரோடு முழுக்க மரத்தின் மேல் மரம். மறுநாள் பதினொரு மணி இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்த முந்திரிக் கிளைகளுக்குள் குனிந்தும் ஏறியும் நர்ஸம்மா வந்தார். கையில் பாலிதீன் பையில் சுற்றிய பதிவேடு. எங்கள் தெருப் பக்கம் மாதம் நெருங்கியவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பிரஷர் பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். என் மனைவிக்குப் பிரஷர் ஏறியிருந்தது. "இவள இங்க வச்சிருக்கக் கூடாது தம்பி, இன்னிக்கே கெளம்பணும்" என்றார். வழியில் கிடந்த மரங்களை அறுக்க ஆள் சேர்த்ததும் அவரே. சாயங்காலம் டிராக்டரில் புறப்பட்டோம். ஜனவரி 3-ஆம் தேதி என் மகள் பிறந்தாள்.

புயல் நாளை விடுங்கள். புதன்கிழமைகளில் வந்து பாருங்கள். ஐஸ் கட்டிகள் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டியோடு அங்கன்வாடியில் உட்கார்ந்திருப்பார். போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிர் நிறத்தில் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் காட்டி, "பாத்துக்கம்மா, வெளுப்பா இருக்குதா?" என்று தாயிடமே கேட்டுவிட்டுத்தான் திறப்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள்கூட எங்கள் ஊரில் அந்தச் சதுரத்தைப் படிப்பார்கள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அந்த 5,000 பேரின் கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, இரத்தசோகை, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே செவிலியரின் தலையில். 2021-இல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலப் பெண்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

போன வருடம் ஒரு விருது அறிவிப்பைப் பார்த்துவிட்டு, படிவத்தோடு அவரிடம் போனேன். புகைப்படங்கள், பத்திரிகைச் செய்திகள், மேலதிகாரிகளின் சான்றுகள் எல்லாம் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். 'தங்கள் சாதனைகள்' என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னன்னு தம்பி எழுதறது? யாருக்கும் ஒண்ணும் ஆகல, அவ்ளோதானே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதிலைத்தான் நான் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

தேசிய அளவில் செவிலியர்களுக்கு 1973 முதல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட 'ஆஷா' என்ற கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்களைக் கௌரவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் படிவத்தில் தன்னைப் பற்றி எழுதத் தெரியாதவரை எந்தப் படிவமும் கண்டுபிடிக்காது.

ஆகவே என் கோரிக்கை இது. அக்டோபர் 2-ஆம் தேதியும் நவம்பர் 1-ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. இரண்டில் ஒன்றில், கைக்குழந்தை உள்ள தாய்மார்களையும் வீட்டில் மாத்திரை வாங்கும் முதியவர்களையும் கேளுங்கள்: உங்கள் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது வந்தார், என்ன செய்தார்? அவர்கள் சொல்வதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். துறையின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றியத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, குடியரசு தின விழா மேடையில், அந்த ஊர்த் தாய் ஒருவர் கையால் நற்சான்றிதழ் கொடுக்கச் செய்யுங்கள். கூடவே, அவர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தில் கழிவறையும் தண்ணீரும் இருக்கிறதா என்று அந்த வாரமே ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் நர்ஸம்மா வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் வருவது ஒரே ஒரு குடியரசு தினம்தான்.

நன்றியுடன்,
ஒரு முந்திரி விவசாயி