நாரிச்சிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணத்தில் உங்கள் நாடகக் குழு இன்னும் கலையாமல் இருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். நடிக்க ஆள் இருந்தும் ஒத்திகைக்கு இடமில்லை என்று வருந்தியிருந்தாய். இங்கே எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் இந்த நாரிச் நகரத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கம்பளி வணிகத்தில் செல்வம் கொழித்த காலத்தில் தெருவுக்குத் தெரு கட்டிய தேவாலயங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவை பழைய மதிலுக்குள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அத்தனையிலும் வழிபட ஆளில்லை. ஆட்கள் வராத ஆலயங்களை இடித்துவிடாமல், 1973இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, பராமரிக்க முன்வருவோருக்கு வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். புனித ஜேம்ஸ் ஆலயம் 1980இல் பொம்மலாட்ட அரங்காயிற்று. புனித ஸ்விதின் ஆலயம் இசைக் கச்சேரிகளுக்கான கலை மையமாக இருக்கிறது; நிர்வானா என்ற அமெரிக்க ராக் இசைக் குழு உலகப் புகழ் பெறும் முன்பு, 1989இல், அங்கே வாசித்திருக்கிறது.

உனக்கு மிகவும் பிடிக்கக்கூடியது மேடர்மார்க்கெட் அரங்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கச் சிற்றாலயமாகக் கட்டப்பட்டு, பிறகு பல கைமாறி, ஒரு கட்டத்தில் பேக்கிங் பவுடர் தயாரிக்கும் இடமாகவும் இருந்த அந்தக் கட்டடத்தை, நியூஜென்ட் மங்க் என்பவர் 1921இல் ஷேக்ஸ்பியர் வாழ்ந்த எலிசபெத் ராணி காலத்து மேடையாக மாற்றினார். திரைச்சீலையும் கனத்த காட்சியமைப்பும் இல்லாமல், ஒரு காட்சி முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடும்படி அவர் ஷேக்ஸ்பியரை நடத்தினார். 1933க்குள் ஷேக்ஸ்பியரின் முப்பத்தேழு நாடகங்களையும் அரங்கேற்றி முடித்துவிட்டார். நடித்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். நிகழ்ச்சித் தாளில் அவர்களுடைய பெயர்களையும் அவர் அச்சிடவில்லை. யார் அரசன், யார் சேவகன் என்பதற்காக வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் நண்பர்களுக்கு இந்த ஒரு விதியை மட்டும் அறிமுகம் செய்து பார். குழு நிலைக்குமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

இது ஏன் இங்கே நடக்கிறது என்று யோசித்தால், ஊர் ஒதுங்கிக் கிடப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாலும், நார்ஃபோக் மாவட்டம் முழுவதிலும் மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலை ஒன்றுகூடக் கிடையாது. வேறு ஊருக்குப் போகும் வழியில் யாரும் இதைக் கடப்பதில்லை; ஆகவே வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் பழையது. 1803இலேயே ஜான் குரோம் இங்கே ஓவியர்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் கைபழகிய அவர், இந்த ஊர் வென்சம் ஆற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பிற்பகல் ஆற்றுக்காட்சி ஒன்று தொங்குகிறது: கரையோரத்துச் சாதாரண வீடுகள், அசையாத தண்ணீர், ஒரு படகு, சாயும் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். அங்குள்ள நாரிச் ஓவியங்களில் பெரும் பங்கு கோல்மன் குடும்பத்தார் கொடுத்தது; கடுகுப் பொடி விற்றுப் பணக்காரரானவர்கள்.

பல்கலைக்கழக வளாகத்தில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1978இல் திறக்கப்பட்ட செயின்ஸ்பரி மையம் என்ற கலை அருங்காட்சியகத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆப்பிரிக்க முகமூடியும் பிரெஞ்சுக் கலைஞர் டெகாவின் நடனச் சிறுமி சிலையும் ஒரே கூரையின் கீழ், நாடு காலம் என்ற தடுப்புச் சுவர் இல்லாமல் நிற்பதை நீ நேரில் பார்ப்பதே நல்லது.

நகரத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஆனால் மாவட்டத்தின் கடற்கரை இதற்குச் சற்றும் இளைத்ததல்ல, நாரிச்சின் படித்த கூட்டம் அதைப் பெரிதாக மதிப்பதில்லை என்பதே என் மனக்குறை. கிரேட் யார்மத்தில் 1903இல் கட்டிய ஹிப்போட்ரோம் என்ற சர்க்கஸ் கட்டடம் இன்றும் இயங்குகிறது. ஆட்டக்களம் அப்படியே கீழே இறங்க, அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிடும். சற்று முன்பு சாகசம் நடந்த அதே இடத்தில் நீச்சல்காரிகள் சுழல்வார்கள். இப்படி இயங்கும் களங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம். குரோமரில் கடலுக்குள் நீளும் பாலத்தின் நுனியில் ஓர் அரங்கு இருக்கிறது. 2013 டிசம்பர் புயலில் பாலம் பலத்த சேதமடைந்தும், அங்கே பாட்டும் நகைச்சுவையும் கலந்த கோடைக்கால நிகழ்ச்சி நின்றுபோகவில்லை. அங்கே முன்வரிசைப் பாட்டிமார் சிரிக்கும் சிரிப்பை நகரத்து அரங்குகளில் நான் கேட்டதில்லை.

இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காததற்கு ரசனை மட்டும் காரணமில்லை, பேருந்தும் காரணம். கிராமத்து இளைஞன் நகரத்தில் நாடகம் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்ப வேண்டுமென்றால், பெரும்பாலும் யாராவது கார் கொண்டு வந்தால்தான் உண்டு. அரங்குக்கு நிதி தேடுகிற அளவுக்குக் கடைசிப் பேருந்துக்கு யாரும் போராடுவதில்லை. உங்கள் குழுவுக்கு இடம் தேடும்போது, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஆட்டம் முடிந்து எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதையும் சேர்த்து யோசி. கல்யாண மண்டபங்கள் ஆடியிலும் மார்கழியிலும் காலியாகத்தானே கிடக்கின்றன. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை வாடகை குறைத்துக் கேட்டுப் பாரேன்.

வருவதாக இருந்தால் மே மாதத்தில் வா. மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்கான இசை நிகழ்ச்சிகளிலிருந்து வளர்ந்த நார்ஃபோக், நாரிச் கலை விழா அப்போதுதான் நடக்கும். விசாவுக்கு நேரம் பிடிக்கும், பொங்கலுக்குள் முடிவைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்