கலாவுக்கு, கார் வீட்டுக்கு வருவதற்கு முன்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் சுந்தரி இதற்குள் சொல்லியிருப்பாள். அவள்தான் நேற்று பேச்சோடு பேச்சாக, "கலா எலக்ட்ரிக் கார் புக் பண்ணிட்டா, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் "தெரியுமே" என்று சொல்லிவைத்தேன்.

போன கோடைக்கு முன்னாலிருந்து நான் ஓட்டுவதும் அந்த வகை வண்டிதான். பச்சை நம்பர் பிளேட்டோடு படம்கூட அனுப்பினேன், நீ கட்டைவிரல் காட்டினாய். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஷோரூம் பையன் பேச்சைக் கேட்டு அட்வான்ஸ் கட்டியிருக்கிறாய். அதற்கான சண்டையைச் சித்ரா மகள் கல்யாணத்தில் வைத்துக்கொள்வோம். போனில் சொல்லலாம்தான். போனில் நீ என்னை எப்போது பேசவிட்டிருக்கிறாய்?

கேட்க வேண்டியது ஒன்றுதான். மடிப்பாக்கத்தில் உன் கார் நிற்கிற இடத்தில் பிளக் இருக்கிறதா?

பதிலை யோசித்துக்கொண்டே மேலே படி. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் என்பாய்.

வண்டி அருமையான வண்டி. கிரீன் சர்க்கிள் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வந்த முட்டிவலி போன இடம் தெரியவில்லை. பெட்ரோல் பங்க் பக்கம் போவது டயருக்குக் காற்று அடிக்க மட்டும்தான். பழைய வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கொடுத்தது, அதுவும் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில். இது ஒரு யூனிட்டுக்கு 7, 8 கிலோமீட்டர் ஓடுகிறது. நீ கணக்கு டீச்சர், மிச்சத்தை நீயே போட்டுக்கொள். ஆனால் ஷோரூமில் சொல்லாத ஒன்றையும் சேர்த்துப் போடு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். முன்பெல்லாம் 400-ஐ ஒட்டி நின்ற எங்கள் மீட்டர் இப்போது 500-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. ஆகவே மொத்த பில்லைச் சராசரி போட்டுப் பார்த்து மகிழாதே. காருக்குப் போகிற யூனிட் எல்லாம் மேல் அடுக்கு விலையில்தான் விழும். அப்படி விழுந்தும் பெட்ரோல் செலவில் கால்வாசிக்குக் கீழேதான் நிற்கிறது. எங்க வீட்டுக்காரர் மட்டும் பில் மெசேஜ் வரும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்கிறார். பெட்ரோல் போட்டது என் சம்பளத்தில், கரண்ட் பில் கட்டுவது அவர் பென்ஷனில். புலம்பலின் மூலம் அதுதான்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணைக்கட்டு ஸ்கூல் மைதானத்தில் காலையிலிருந்து காய்ந்த காருக்குள் நாலரை மணிக்கு ஏறுவது முன்பெல்லாம் ஒரு தண்டனை. இப்போது மணி அடித்ததும் போனிலேயே ஏசியைப் போட்டுவிடுவேன். நான் போவதற்குள் உள்ளே ஜில்லென்று இருக்கும். ஹெச்.எம். அதற்கென்றே என்னோடு ஏதாவது பேசியபடி வண்டி வரை வருகிறார்.

ஏலகிரிக்குப் போனது தனிக்கதை. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயருமாக வைத்திருப்பது உனக்கு நினைவிருக்கும். நாம் எல்லோரும் வேனில் போனபோது கபிலர் வளைவில் வாந்தி எடுத்தது யார் என்று நான் சொல்லமாட்டேன். ஏறும்போது சார்ஜ் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மோட்டாரே டைனமோவாகி பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. அடிவாரம் வருவதற்குள் மூன்று நாலு சதவீதம் ஏறியிருந்தது. "பாரியும் ஓரியும் பேகனும் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்" என்றேன். காரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீயாவது சிரி.

சரி, பிளக்குக்கு வருகிறேன்.

இந்தச் சுகமெல்லாம் எனக்கு எங்கிருந்து வருகிறது? போர்ட்டிகோ தூணில் இருக்கிற ஒரு 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து. ராத்திரி கேட்டைப் பூட்டப் போகும்போது செருகிவிடுவேன், விடிவதற்குள் நிறைந்துவிடும். அது இல்லை என்றால் என்னிடம் மாதத் தவணை மட்டும்தான் இருந்திருக்கும்.

அந்தப் பாயிண்டும் லேசில் வரவில்லை. வண்டி வந்த அன்று, ஏற்கெனவே இருந்த பிளக்கில் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. வயர்மேன் ஏழுமலை அண்ணன் வந்து டெஸ்ட் பல்பை எடுத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் எரிகிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் மினுக்கென்றுகூட இல்லை. "எர்த்தே இல்லம்மா, வீடு கட்டினதுலருந்து கம்பி சும்மாதான் தொங்குது" என்றார். இத்தனை வருஷம் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஹீட்டரும் அப்படியே ஓடியிருக்கின்றன, ஒன்றும் வாய் திறக்கவில்லை. கார்தான் முடியாது என்று சொன்னது. பிறகு தென்னைக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி வெட்டி, குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். மீட்டரிலிருந்து தனி வயர், லோடு கூடினால் தானே அணைந்துவிட ஒரு தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் தட்டிவிட ஓர் ஆர்.சி.சி.பி. கோடையில் குழி காயக்கூடாது, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தினமும் அரிசி களைந்த தண்ணீரை அங்கேதான் ஊற்றுகிறார். துளசிமாடத்துக்கு இப்போது இரண்டாம் இடம்.

சொந்தத் தூண், சொந்தக் குழி. நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உனக்கு அப்படியா? மூன்றாவது மாடியில் வீடு, கீழே எல்லோருக்குமான பார்க்கிங், மீட்டர்கள் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக. உன் மீட்டரிலிருந்து உன் கார் வரைக்கும் வயர் பொதுச்சுவரில்தான் போக வேண்டும். அதற்கு அசோசியேஷன் தலையாட்ட வேண்டும். உங்கள் செக்ரட்டரியைக் கிரகப்பிரவேசத்திலேயே பார்த்தேன். மொட்டை மாடியில் வடகம் காயவைத்ததற்கு சர்க்குலர் விட்ட மனிதர் அல்லவா?

ஷோரூமில் என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். "பக்கத்துலயே ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு மேடம்." இருக்கும். யூனிட் விலை வீட்டு விலையைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். அதற்கப்புறம் பேட்டரி சூடாகாமல் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துவிடும். என் வண்டி போன்ற சின்ன வண்டிக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். ஸ்கூல் விட்டு வந்து, வாரா வாரம் அங்கே உட்கார்ந்து பேப்பர் திருத்தப்போகிறாயா?

தாம்பரத்தில் சித்தப்பா காரியத்துக்கு வந்தேனே, அப்போது உன் வீட்டுக்கு வராததன் காரணத்தையும் இப்போது தெரிந்துகொள். என் பேட்டரி 24 யூனிட். கம்பெனி சொல்கிற கணக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குள் 200 வருகிறது. மே மாதத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் 100-ல் விரட்டினால் 160, 170-க்கு மேல் நம்பமாட்டேன். இங்கிருந்து சென்னை சுமார் 140. போய்ச் சேர்ந்துவிடலாம், திரும்பி வர ஊட்ட வேண்டும். வாலாஜாவுக்கு அப்பால் சாலை அகலப்படுத்துகிற வேலை, மாற்றுப்பாதை, லாரி. ஓர் ஓட்டலில் நிறுத்தினேன். சார்ஜரில் இரண்டு குழாய். ஒன்றில் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. இன்னொன்றுக்கு முன்னால் டீசல் கார் ஒன்று நின்றது, நிழலுக்காக. ஓட்டல்காரர்களிடம் சொல்லி உள்ளே தேடினால், அந்தக் காரின் சொந்தக்காரர் தயிர் சாதத்தில் இருந்தார். ஊறுகாயை வழித்து முடித்துவிட்டுத்தான் வந்து வண்டியை எடுத்தார். அப்புறம் ஆப். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் போட வேண்டும். போட்டேன். "சர்வர் வரலீங்க" என்றான் அங்கிருந்த பையன். எனக்குப் பின்னால் ஆம்பூரிலிருந்து கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் தன் போனில் முயன்று பார்த்து எனக்கும் சேர்த்துத் திறந்துவிட்டாள். அந்த வரிசையில் நிற்பவர்கள் பேர்கூடக் கேட்பதில்லை, ஜாதகம் பார்ப்பது போல "எத்தனை பர்சென்ட்ல வந்தீங்க, வீட்ல எத்தனை கிலோவாட்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் நான் காரியத்துக்குப் போய்ச் சேரும்போது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் உன் வீட்டுக்கு எங்கே வருவது?

எப்போதாவது ஒரு வெளியூர்ப் பயணத்துக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தினப்படி வாழ்க்கையே இப்படி என்றால் ஆறு மாதத்தில் வண்டியை விற்றுவிடுவாய்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் படி. செக்ரட்டரி முடியாது என்றால், பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடலாம் என்று உனக்கு ஒரு யோசனை வரும். ஹாஸ்டல் ஹீட்டர் ராடு கலாவுக்கு வராமல் இருக்காது. செய்யாதே. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம், கார் ராத்திரி முழுக்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இருக்கிற மெல்லிய வயர் அவ்வளவு நேரம் அந்த ஆம்பியரைத் தாங்காது, உருகித்தான் போகும்.

அல்லாபுரத்தை மறந்திருக்கமாட்டாய். 2022 மார்ச். புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். புகையில் மூச்சு முட்டி அப்பாவும், பள்ளிக்கூடம் படிக்கிற மகளும் போய்விட்டார்கள். நம் ஊரில், நாம் சைக்கிளில் போன தெருக்களுக்குப் பக்கத்தில். மறுநாள் வகுப்பில் அந்த வயசுப் பிள்ளைகள் முன்னால் நின்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை, செய்யுள் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூட்டர் வேறு, கார் வேறு என்று எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் அங்கங்கே ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு பேட்டரி சோதனை விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக அமலுக்குக் கொண்டுவந்ததும் தெரியும். தெரிந்தும், வண்டி வந்த புதிதில் நடுராத்திரி எழுந்து போய் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று. எங்கள் கார் வெளியே, போர்ட்டிகோவில் நிற்கிறது. உன் கார் நிற்கப்போவது மூன்று மாடி ஜனங்கள் தூங்குகிற கட்டடத்துக்கு அடியில். ஆகவே உங்கள் செக்ரட்டரி பயந்தால் அவரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். வடகம் விஷயத்தில் சொல்வேன்.

அவர் பயத்துக்கு முதலில் பதில் கொடு, வயர் அப்புறம். பொதுக் கரண்டைத் தொடப்போவதில்லை, என் மீட்டரிலிருந்துதான் எடுக்கிறேன் என்று எழுதிக் கொடு. வீட்டில் இருக்கிற இணைப்பிலிருந்தே காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில் இருக்கிறது, அதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள். ஆனால் அதை முகத்தில் நீட்டி ஆரம்பிக்காதே, சண்டைதான் வரும். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை அழைத்துவந்து, உங்கள் எர்த்தையும், உன் இணைப்பின் சாங்ஷன் லோடு, அதாவது உன் வீட்டுக்கு அனுமதித்திருக்கிற கிலோவாட், போதுமா என்பதையும் செக்ரட்டரி கண்ணெதிரே பார்க்கச் சொல். வயர் இரும்புக் குழாய்க்குள் போகட்டும். பாயிண்டை மார்பளவு உயரத்தில் வைக்கச் சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கம் கார்கள் மிதந்ததை டிவியில் பார்த்துக்கொண்டு நான் உனக்குப் போன் மேல் போன் போட்டேனே, அந்தத் தண்ணீரின் உயரம் உனக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி வாங்கு. நாளைக்கு இன்னொரு வீட்டுக்காரர் இதே கார் வாங்கும்போது உனக்கு நன்றி சொல்வார்.

தீர்மானம் கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தைக் கட்டாதே. வரவே வராது என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேள், கொஞ்சம் பிடித்துக்கொண்டால் போகட்டும் என்று விடு. பேசாமல் பெட்ரோல் காரே வாங்கிக்கொள். நான் கேலி செய்யமாட்டேன். ஒரு மாதம் வரைக்கும்.

மற்றபடி பெரிய சேதி இல்லை. பெரியவனுக்கு ஓசூரில் வேலை மாறியிருக்கிறது. நம்ம சிஸ்டர் காட்பாடி ஸ்டேஷனில் என்னைப் பார்த்து உன் பெயரைச் சொல்லி விசாரித்தார், என் பெயர் அவருக்கு நினைவில்லை! பாலு அண்ணாவைக் கேட்டதாகச் சொல். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வரத் தொடங்கியிருக்கிறது, தம்பி சென்னை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். எண்ணெயில் வதக்கிக் குழம்பு வை; சாம்பாரில் போட்டு வீணாக்காதே.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: சார்ஜ் மூடி உன் வண்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் எந்தத் தூண் என்று முடிவு செய்ய வேண்டும். எங்களுடையது பின்பக்கம் என்பதால் தினமும் ரிவர்ஸில்தான் உள்ளே விடுகிறேன், அத்தை வழி காட்டுகிறார்.