திரைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, கழக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை கழகம் செய்த பணிகளையும், அடுத்த பருவத்தில் திரையிடவிருக்கும் படங்களையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். வாசகசாலை மாடியை இந்த ஆண்டும் வாடகை வாங்காமல் தந்த நிர்வாகத்தினருக்கு நம் நன்றி. மின்விசிறிகளைப் பழுது பார்த்தாகிவிட்டது; ஒலிபெருக்கி புதிது. மழையால் நவம்பர் திரையிடல் ஒரு வாரம் தள்ளிப்போனது. மற்றபடி இரண்டாம் ஞாயிறு மாலை 6 மணி என்ற வழக்கம் தவறவில்லை.

இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் முதன்மையானது தமிழ் சப்டைட்டில் வேலைதான். பிறமொழிப் படங்களை இதுவரை ஆங்கில சப்டைட்டிலோடு காட்டிவந்தோம். படம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் பேசுவார்கள். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "எழுத்தப் படிக்கறதா, மூஞ்சியப் பாக்கறதாங்க தம்பி? படிச்சு முடிக்கறதுக்குள்ள அவிய அடுத்ததப் பேசிப்போடறாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கல்லூரியில் படிக்கும் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டது ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணனும் தங்கையும், அண்ணனின் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதை. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கும் அதே அறையில், அவர்கள் காதில் விழக் கூடாது என்று பிள்ளைகள் இருவரும் நோட்டில் எழுதி எழுதியே சண்டை போடுவார்கள். வாய்ப்பேச்சு ஒரு பக்கம் ஓட, நோட்டில் பாரசீக எழுத்து. இரண்டுக்கும் தமிழ் வர வேண்டும். ஆனால் திரையின் அடியில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. பெற்றோர் பேச்சைச் சுருக்கி, பிள்ளைகள் எழுதுவதை முழுதாகக் கொடுத்தோம். ஒத்திகையில் எழுத்துரு சிதறி, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே நிம்மதி. திரையிடலன்று பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார்கள் முதன்முறையாகக் கலந்துரையாடலில் பேசினார்கள். இந்த வேலை தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி அடுத்த பருவம். ஜூலையில் 'அந்த நாள்' (1954), ஆகஸ்டில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950). 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் 'ரஷோமோன்' காட்டப்பட்டது. பம்பாயில் தொடங்கிய அந்த விழா மெட்ராஸுக்கும் வந்தது. அடுத்த இரண்டே ஆண்டில், அதே பாணியில் ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் 'அந்த நாள்' படத்தை, பாட்டே இல்லாமல், ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் எடுத்துக் காட்டினார். நம் படத்தை முதலில் பார்த்துவிட்டு ஜப்பானியப் படத்துக்குப் போகலாம் என்பது செயற்குழுவின் முடிவு. இரண்டுக்கும் தவறாமல் வாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிப் பேச்சு விட்டுப்போகும்.

செப்டம்பரில் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). கடன் வாங்கிச் சொந்த வீடு கட்ட முயன்ற யாரும் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போக முடியாது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக, பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்க வரும் காட்சியைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். அக்டோபரில் கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் 'கடஷ்ராத்த' (1977). நவம்பரில் சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி' (1955). இதன் மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகி, பின்னர் பெருமுயற்சியால் மீட்கப்பட்டது. மீட்டெடுத்த அந்தப் பிரதியைத்தான் கேட்டிருக்கிறோம். கன்னடத்துக்கும் வங்காளத்துக்கும் தமிழ் சப்டைட்டில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஓடிடியில் இருக்கும் படத்தை ஏன் உடனே போடக் கூடாது? வீட்டில் பார்ப்பதற்காகக் கட்டிய சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். சிலர் ஒரே வாரத்தில் கடிதம் தந்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் மூன்று முறை எழுதியும் பதிலே இல்லை, அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். கழகத்தின் பெயர் கெடாமல் இருக்க இந்த ஒழுங்கு தேவை.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டு, பிறகு இதே கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். அது எழுந்த சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அப்படிப்பட்ட ஊரில் படம் காட்டுகிறோம்; நாற்காலிகள் காலியாகக் கிடக்கக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு புது ஆளைக் கூட்டி வாருங்கள். பெண்கள் நேரத்தோடு வீடு திரும்ப வசதியாக, ஜூலை முதல் 5 மணிக்கே தொடங்கலாமா என்பதை இன்று இங்கேயே பேசி முடிவு செய்ய வேண்டும். சப்டைட்டில் குழுவுக்குத் தட்டச்சு தெரிந்தவர்களும், எழுதியதைப் பிழை பார்க்கக்கூடிய மூத்தவர்களும் தேவை. கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

செயலாளர்