வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு

உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

போன செவ்வாய்க்கிழமை நீண்ட வரிசையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். திடீரென்று காது அடைத்தது, கண் இருட்டியது. நினைவு வந்தபோது தரையில் மல்லாந்து கிடந்தேன்; என் கால்கள் உங்கள் கைப்பையின் மேல் இருந்தன. "தூக்கி உட்கார வைங்க", "தண்ணி கொடுங்க" என்று சுற்றிலும் குரல்கள். அவர்களும் அக்கறையில்தான் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "வேண்டாம், படுத்தே இருக்கட்டும். காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்றீர்கள். நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தங்கி மூளைக்குப் போவது குறையும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சரியாகும் என்று அப்புறம்தான் விளக்கினீர்கள். முழு நினைவு வரும் முன் தண்ணீர் கொடுத்தால் புரையேறும் என்பதையும்.

ஆனால் என் மனதில் நிற்பது வேறு. விலகியிருந்த என் உடையை யார் கவனத்துக்கும் வராமல் சரிசெய்தீர்கள். கழன்று போன செருப்பைத் தேடி எடுத்துவந்து, குனிந்து நீங்களே மாட்டிவிட்டீர்கள். "பதறாதம்மா, மெதுவா எழுந்திரிக்கலாம்" என்ற அந்தக் குரல்! கால் மணி நேரம் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குள் வரிசையில் உங்கள் இடம் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கடைசியில் போய் நின்றீர்கள்.

அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பையில் ஒட்டிய மண்ணைக்கூட நான் தட்டிக் கொடுக்கவில்லை. ரொம்ப நன்றி.